மேடையில் செங்கல் சுவர் எழுப்பிய அம்மையார்



போன மாதம் சங்க வேலையாக ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தேன். ரப்பர் மரங்களையெல்லாம் தள்ளிவிட்டு முழுக்கச் செம்பனை போட்டுவிட்ட தோட்டம். லயத்தில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. மீதியில் பெரும்பாலும் வங்காளதேசத்துப் பையன்கள். நம்மவர்கள் பத்துப் பன்னிரண்டு குடும்பம் இருந்தால் அதிகம். கூட்டம் முடிந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது, முப்பது வருஷம் பால் மரம் வெட்டி ஓய்ந்த ஓர் அம்மா, அந்தக் காலத்துக் கிராணி பால் நிறுத்த கதையைச் சொல்ல ஆரம்பித்தார். சொன்னார் என்று எழுதுவது தப்பு, நடித்தே காட்டினார். மூக்குக் கண்ணாடியை நுனி மூக்குக்கு இறக்கி, வாளியைப் பார்க்காமலே நோட்டில் கணக்கு எழுதும் கிராணி. எதிரே வாயைத் திறக்கப் பயந்து நிற்கும் இளம்பெண். பின்னால் தனக்குத் தானே முணுமுணுக்கும் கிழவர். மூன்று பேரையும் அவர் ஒருவரே செய்தார். பையன்களுக்கு மொழி புரியவில்லை. அவர்களும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"அம்மா, இதை அப்படியே கோயில் திருவிழாவுல மேடையில ஏத்தலாமே" என்றேன்.

"போங்க தம்பி! இதெல்லாம் ஒரு நாடகமா? ராஜா ராணி வந்தாத்தானே நாடகம்" என்று சொல்லிவிட்டுக் கிளாஸைக் கழுவப் போய்விட்டார்.

வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தப் பேச்சுதான் மண்டையில் ஓடிக்கொண்டிருந்தது. ஏனென்றால், இதெல்லாம் ஒரு நாடகமா என்ற இதே கேள்விக்குப் பதில் சொல்லவே தன் ஆயுளைச் செலவழித்த ஓர் அம்மையாரைப் பற்றி நான் படித்திருக்கிறேன். பல வருஷத்துக்கு முன் சங்கப் பயிற்சி வகுப்பில் ஒரு நண்பர் கொடுத்த ஆங்கிலப் புத்தகம் அது. தோட்டப் பள்ளிக்கூடத்து ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு, அகராதியும் கையுமாக மூன்று மாதம் உட்கார்ந்து படித்தேன். அம்மையாரின் பெயர் ஜோன் லிட்டில்வுட். இங்கிலாந்துக்காரர். நடிகை, நாடக இயக்குநர்.

துரைமார் நாட்டுக்காரி கதை நமக்கு எதுக்கு என்று சிலர் கேட்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

1914-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், தெற்கு லண்டனில் ஸ்டாக்வெல் என்ற ஏழைப் பகுதியில் பிறந்தவர் ஜோன். தாய் கல்யாணம் ஆகாத இளம்பெண். அந்தக் காலத்தில் அது ஊர் வாய்க்குக் கிடைத்த அவல். தாத்தா பாட்டியின் நிழலில்தான் அதிகமும் வளர்ந்தார். படிப்பில் கெட்டிக்காரி. உபகாரச் சம்பளம் பெற்றுக் கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்தார். பிறகு இன்னோர் உபகாரச் சம்பளத்தில், நாட்டிலேயே பேர்பெற்ற ராயல் அகாடமி நாடகப் பள்ளியில் சேர்ந்தார்.

நம் வீட்டுப் பிள்ளைக்கு அப்படி ஓர் இடம் கிடைத்தால் கோயிலில் பொங்கல் வைத்திருப்போம். இந்தப் பெண்ணோ படிப்பை முடிக்காமலே வெளியே வந்துவிட்டார். அங்கே சொல்லிக் கொடுத்ததெல்லாம் பங்களா வீட்டுப் பேச்சு; சீமான்களும் சீமாட்டிகளும் வரவேற்பறையில் நின்று பேசும் இங்கிலீஷ். ஸ்டாக்வெல் சந்தில் மீன் விற்கிறவன் பேசும் பேச்சு அந்த மேடையில் வேலைக்காரன் வேஷத்துக்கு மட்டும்தான். அதுவும் சனங்கள் சிரிப்பதற்காக.

கையில் காசு கிடையாது. வடக்கே போவது என்று தீர்மானித்து லண்டனிலிருந்து நடந்தே கிளம்பினார். நூறு மைலுக்கு மேல் நடந்து வழியில் மயங்கி விழுந்தார் என்கிறார்கள். எப்படியோ 1934-இல் மான்செஸ்டர் நகரம் வந்து சேர்ந்தார். பஞ்சாலைகளும் இரும்புப் பட்டறைகளும் நிறைந்த ஊர். வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடிய காலம்.

அங்கே ஜிம்மி மில்லர் என்ற இளைஞரைச் சந்தித்தார். சால்ஃபோர்ட் பகுதியில் வளர்ந்தவர். அப்பா இரும்பு வார்ப்புத் தொழிலாளி. பின்னாளில் இவான் மெக்கால் என்ற பெயரில் நாட்டுப் பாடல்களுக்குப் புகழ்பெற்றாரே, அவர்தான் இவர். ஆலை வாசலிலும் தெரு முனையிலும் நின்று நாடகம் போட்டுக்கொண்டிருந்தார். இருவரும் சேர்ந்து குழு அமைத்தார்கள், கல்யாணமும் செய்துகொண்டார்கள். அந்தக் கல்யாணம் நிலைக்கவில்லை, குழு நிலைத்தது. அதற்கு மேல் அடுத்தவர் வீட்டுக் கதை நமக்கு வேண்டாம்.

வயிற்றுப் பாட்டுக்கு ஜோன் பி.பி.சி. வானொலியில் வேலை பார்த்தார். இதில் ஒரு விசேஷம் உண்டு. அந்தக் காலத்து வானொலியில் தொழிலாளி பேசுவது அபூர்வம். பேசினாலும் முன்கூட்டி எழுதிக் கொடுத்ததை வாசிக்க வேண்டும். ஆலிவ் ஷாப்லி என்ற பெண் தயாரிப்பாளரும் ஜோனும் சேர்ந்து, ஒலிப்பதிவு வண்டியை எடுத்துக்கொண்டு மான்செஸ்டர் ஏழைகளின் வீட்டு வாசலுக்கே போனார்கள். அவர்கள் பேச்சை அவர்கள் வாயாலேயே பதிந்து 1939-இல் ஒலிபரப்பினார்கள். அதைக் கேட்ட ஓர் ஆலைத் தொழிலாளிக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ரேடியோவில் தன் பக்கத்து வீட்டுக்காரி பேசுகிற மாதிரியே ஒரு குரல்!

1940-இல் 'கடைசிப் பதிப்பு' என்று பொருள்படும் பெயரில் ஒரு நாடகம் போட்டார்கள். பத்திரிகையைப் புரட்டுகிற மாதிரி அன்றைய சேதிகளை ஒவ்வொன்றாக மேடையில் நடித்துக் காட்டுவது. அதில் ஒன்று, 1934-இல் வேல்ஸ் நாட்டில் கிரெஸ்ஃபோர்ட் நிலக்கரிச் சுரங்கத்தில் நடந்த வெடி விபத்து. 266 பேர் இறந்தார்கள். பெரும்பாலான உடல்களை மேலே கொண்டு வரவே இல்லை. விபத்து நடந்த பகுதியை அப்படியே மூடிவிட்டார்கள். அந்த நாடகத்தைப் போலீஸ் நிறுத்தியது. ஜோனும் மில்லரும் நீதிமன்றம் ஏறினார்கள். இரண்டு வருஷத்துக்கு ஒழுங்காக நடந்துகொள்ள வேண்டும் என்று கட்டுப்படுத்தி அனுப்பினார்கள். அடுத்த வருஷம் அவருடைய அரசியலைக் காரணம் காட்டி பி.பி.சி.யும் கொஞ்ச காலம் கதவைச் சாத்தியது.

யுத்தம் முடிந்த 1945-இல் பழைய ஆட்கள் மறுபடி கூடி 'தியேட்டர் வொர்க்‌ஷாப்' என்ற குழுவைத் தொடங்கினார்கள். நாடகப் பட்டறை என்று தமிழில் சொல்லலாம். பெயரே தொழிலாளி பெயர், பார்த்தீர்களா! எட்டு வருஷம் ஊர் ஊராக லாரியில் அலைந்தார்கள். வேல்ஸ் சுரங்கக் கிராமங்கள், வடக்கத்தி நகரங்கள், ஸ்காட்லாந்து, 1948-இல் செக்கோஸ்லோவாக்கியா, சுவீடன் வரைக்கும். வந்த வசூலைச் சமமாகப் பங்கு போட்டார்கள். கதாநாயகனுக்கு ஒரு பங்கு, விளக்குப் போடுகிறவருக்கு ஒரு காசு என்ற பேதம் கிடையாது. பல ராத்திரி பங்கு போட ஒன்றுமே இருக்காது, அது வேறு.

1953-இல் கிழக்கு லண்டனில், ஸ்ட்ராட்ஃபோர்ட் என்ற இடத்தில், பாழடைந்த பழைய நாடகக் கொட்டகை ஒன்றை வாடகைக்குப் பிடித்தார்கள். தியேட்டர் ராயல் என்று பெயர் மட்டும் ராஜரிகம்; உள்ளே ஒழுகல், எலி, குளிர். வீட்டு வாடகைக்கு வழியில்லாத நடிகர்கள் வேஷம் போடும் அறைகளிலேயே படுத்தார்கள். அங்கேயே சமைத்தார்கள். காலையில் ஒத்திகை, மத்தியானம் சுவருக்குச் சாயம், ராத்திரி ஷேக்ஸ்பியர். ஜெரி ராஃபிள்ஸ் என்பவர் நிர்வாகத்தைத் தலையில் போட்டுக்கொண்டார். கடன்காரர்களைச் சமாளிப்பது அவர் பொறுப்பு. ஜோனுக்கு வாழ்க்கைத் துணையும் அவர்தான். லண்டனுக்குப் போவதே தப்பு, தொழிலாளி ஊரை விட்டுப் போனால் குழு கெட்டுவிடும் என்று மெக்கால் விலகிக்கொண்டார். அவர் சொன்னதில் எவ்வளவு உண்மை என்பது பின்னால் தெரியவரும்.

ஸ்ட்ராட்ஃபோர்ட் என்ன மாதிரி இடம் தெரியுமா? ரயில் பட்டறை, தொழிற்சாலை, பக்கத்திலே தேம்ஸ் நதிக் கப்பல் துறை. அந்தத் துறையோரம் சில்வர்டவுன் என்று ஒரு பகுதி. சில்வர் என்பவரின் ரப்பர் தொழிற்சாலையால் வந்த பெயர். மலாயா ரப்பர் லண்டன் துறைமுகத்திலும் போய் இறங்கியது. நம் பாட்டன் பூட்டன் விடியற்காலை இருட்டில் வெட்டிய பாலைக் கட்டியாக்கிக் கப்பலேற்றினால், அங்கே மூட்டை இறக்கியவனும் இயந்திரத்தில் கொடுத்து அரைத்தவனும் இந்தக் கொட்டகையைச் சுற்றிக் குடியிருந்த வகை ஆட்கள். துரைமார் நாட்டுக்காரி கதை எதற்கு என்று கேட்டீர்களே, அதற்குத்தான் இதைச் சொன்னேன்.

அம்மையார் நடிகையாகவும் பேர் எடுத்தவர். ஆனால் மேடையில் நிற்பதைவிட மற்றவரை நிற்க வைப்பதில்தான் அவருக்கு ஆசை. 1955-இல் ஜெர்மன் நாடகாசிரியர் பெர்டோல்ட் பிரெக்டின் 'மதர் கரேஜ்' நாடகத்தைப் பிரிட்டனில் முதன்முதலாகப் போட்டார். யுத்தக்களத்தில் வண்டி இழுத்துச் சாமான் விற்றுப் பிழைக்கும் ஒரு தாயின் கதை. தாய் வேஷத்தை வேறொரு நடிகைக்குக் கொடுக்கப் பார்த்தார் ஜோன். அவரே நடித்தால்தான் அனுமதி என்று பிரெக்ட் தரப்பு பிடிவாதம் பிடிக்க, இயக்கிக்கொண்டே நடிக்கவும் வேண்டியதாயிற்று. அது சரியாக அமையவில்லை. விமர்சனமும் நன்றாக வரவில்லை. வண்டியை இழுத்துக்கொண்டே வண்டிக்குப் பின்னால் நின்று பார்க்கவும் முடியுமா என்ன?

அதே வருஷம் பாரிஸ் நாடக விழாவுக்கு அழைப்பு வந்தது. காட்சி ஜோடனைகளைக் கைச்சாமான் மாதிரித் தூக்கிக்கொண்டு ரயிலும் கப்பலும் ஏறிப் போனார்கள். பிரெஞ்சுக்காரர்கள் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். ஊர் திரும்பினால் அரசாங்க மானியம் பிச்சைக் காசுதான்.

அவர் ஒத்திகை நடத்தும் விதத்தைச் சொல்ல வேண்டும். பிரெண்டன் பெஹன் என்று ஓர் அயர்லாந்துக்காரர். வீட்டுக்குச் சாயம் அடிப்பது தொழில். அரசியல் காரணமாகச் சிறையிலும் இருந்தவர். சிறையில் ஒருவனைத் தூக்கிலிடப் போகும் முந்தின நாளைப் பற்றி நாடகம் எழுதினார். 1956-இல் ஜோன் அதை எடுத்தார். நடிகர்கள் கையில் வசனத்தைக் கொடுக்கவில்லை. எல்லாரையும் கொட்டகையின் மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய், கைதிகள் மாதிரி வட்டமாக நடக்க விட்டார். சுற்றிச் சுற்றி, மணிக்கணக்காக. பேசக் கூடாது, முன்னால் போகிறவன் முதுகுதான் தெரியும். அப்போது என்ன ஆகும்? சலிப்பு வரும். வார்டன் பார்க்காத நேரம் குசுகுசுவென்று பேசத் தோன்றும். ஒரு பீடித் துண்டுக்கு ஏங்கத் தோன்றும். சிறை உடம்பில் ஏறிய பிறகுதான் வசனம் கைக்கு வந்தது.

பெரட்டுக் களத்தில் நின்றவர்களுக்கு இது உடனே விளங்கும். விடியாத இருட்டில் பேர் கூப்பிடும் வரை நிற்கும் அந்த நிலை இருக்கிறதே, அதை எந்த நடிகனும் புத்தகம் படித்து நடித்துவிட முடியாது. கால் மாற்றி நிற்கும் விதமே வேறு.

இனி, இந்தக் கட்டுரையை எழுத என்னை உட்கார வைத்த விஷயத்துக்கு வருகிறேன்.

ஹென்றி சேப்மன் என்று ஒரு கட்டடத் தொழிலாளி. வேலைத்தளத்தில் நடப்பதை வைத்து ஒரு நாடகம் எழுதினார். பெரிய கதை கிடையாது. ஆட்கள் வருகிறார்கள், கல் அடுக்குகிறார்கள், கலவை போடுகிறார்கள், தேத்தண்ணி குடிக்கிறார்கள், மேஸ்திரியைத் திட்டுகிறார்கள், வீட்டுக்குப் போகிறார்கள். நம் அம்மா சொன்னாரே, இதெல்லாம் ஒரு நாடகமா என்று, அதேதான்! 1957 அக்டோபரில் ஜோன் அதை மேடையேற்றினார். ஜான் பரி என்ற காட்சி அமைப்பாளர், பாதி கட்டிய மூன்று மாடிக் கட்டடத்தையே மேடையில் நிறுத்தினார். நடிகர்கள் கல் வைக்கக் கற்றுக்கொண்டார்கள். அட்டைக் கல், காகிதக் கல் கிடையாது. நிஜச் செங்கல், நிஜக் கரண்டி. ஜனங்கள் கண் முன்னே சுவர் எழும்பியது. வேலை செய்துகொண்டே பேசினார்கள். வேலைத்தளத்துப் பேச்சு எப்படி இருக்கும்? இன்றைக்குப் பேசியது நாளைக்கு வராது. பேப்பரில் வந்த சேதி, நேற்று ஆடிய பந்தாட்டம், எல்லாம் கலந்துதான் வரும். நடிகர்களும் அப்படியே அன்றன்றைக்குத் தோன்றியதைச் சேர்த்துப் பேசினார்கள். அதற்காகத்தானே கல் வைக்கவே பழக்கியது!

இங்கேதான் சட்டம் குறுக்கே வந்தது. 1737-லிருந்து இங்கிலாந்தில் ஒரு சட்டம் இருந்தது. நாடகம் போட வேண்டுமானால் வசனம் முழுவதையும் எழுதி, லார்டு சேம்பர்லின் என்ற அரண்மனை அதிகாரியிடம் முன்கூட்டிக் கொடுக்க வேண்டும். அவர் அடித்தது போக மிச்சத்தைத்தான் மேடையில் பேசலாம். ஒரு வார்த்தை கூடினாலும் குற்றம். அந்த அதிகாரியின் ஆட்கள் கொட்டகைக்கு வந்து உட்கார்ந்து, அனுமதி கொடுத்த வசனத்தையும் பேசிய வசனத்தையும் ஒத்துப் பார்த்துக் குறிப்பு எடுத்துக்கொண்டு போனார்கள். பொதுக் கழிப்பறை ஒன்றைத் திறந்து வைக்கிற மாதிரி, ரிச்சர்ட் ஹாரிஸ் என்ற நடிகர் சர்ச்சில் குரலில் பேசிக் காட்டுவார். அதெல்லாம் அனுமதிப் பிரதியில் கிடையாது. ஜோன், ராஃபிள்ஸ், பரி, சேப்மன், ஹாரிஸ் ஆகியோர் மேல் வழக்கு. 1958 ஏப்ரலில் வெஸ்ட் ஹாம் நீதிமன்றத்தில் விசாரணை. ஜெரால்ட் கார்டினர் என்ற பெரிய வழக்கறிஞரும், ஹெரால்ட் லீவர் என்ற நாடாளுமன்ற உறுப்பினரும் காசு வாங்காமல் வாதாடினார்கள். குற்றம் குற்றம்தான் என்று தீர்ப்பு. ஆனால் அபராதம் பெயருக்குத்தான். பத்து வருஷம் கழித்து, 1968-இல் அந்தத் தணிக்கைச் சட்டமே எடுபட்டது. அப்போது நாட்டின் லார்டு சான்சலராக, அதாவது நீதித்துறையின் உச்சப் பதவியில், உட்கார்ந்திருந்தவர் யார் தெரியுமா? அதே கார்டினர்!

இந்த வழக்கைப் படித்தபோது எனக்கு என் தோட்டம் ஞாபகம் வந்தது. பெயர் வேண்டாம். நான் பள்ளிக்கூடப் பையன். வருஷா வருஷம் திருவிழாவுக்கு நாடகம் உண்டு. ராஜா, மந்திரி, அட்டைக் கத்தி, ஜிகினா கிரீடம். என் அப்பா ராஜபார்ட். பகலெல்லாம் மண்டோரிடம் ஏச்சு வாங்கியவர், ராத்திரி 'யாரங்கே' என்று கர்ஜிப்பார். எனக்குப் பெருமை தாங்காது. ஒரு வருஷம் பக்கத்து லயத்துப் பெரியவர் ஒருவர், வெட்டுக்காரர்தான், புதுசாக ஒரு நாடகம் எழுதினார். பால் நிறுக்கும் இடம்தான் முதல் காட்சி. ஒத்திகைக்கு ஜனம் முண்டியடித்துக்கொண்டு வந்து பார்த்தது. ஆபீசிலிருந்து ஆள் வந்தது. எழுதினதைக் கொண்டு வந்து காட்டு என்றார்கள், காட்டினார். அந்தக் காட்சியை எடுத்துவிடு, இல்லாவிட்டால் திடலும் கிடையாது, லைட்டும் கிடையாது என்றார்கள். சண்டை போடுவோம் என்று இளைஞர்கள் குதித்தார்கள். பெரியவர்தான், "பிள்ளைங்க பொழப்பு கெடும், வேணாம்டா" என்று தடுத்தார். அந்த வருஷமும் ராஜா வந்தார். என் அப்பாவும் கர்ஜித்தார். முன்வரிசையில் உட்கார்ந்து அந்தப் பெரியவர் கை தட்டியதை நான் பார்த்தேன். பிறகு தோட்டம் துண்டு துண்டாக விலைபோய் வீடமைப்பு நிலமானது. அவர் எழுதிய நோட்டுப் புத்தகம் எந்த வீட்டுப் பரணில் போயிற்றோ, எந்தக் குப்பையில் போயிற்றோ.

அம்மையார் கதைக்குத் திரும்புவோம்.

வழக்கு நடந்த அதே 1958-இல், சால்ஃபோர்ட்டிலிருந்து தபாலில் ஒரு நாடகம் வந்தது. எழுதியவர் ஷீலா டிலானி, பத்தொன்பது வயதுப் பெண். பேருந்துப் பரிசோதகர் மகள். கடையிலும் சினிமாக் கொட்டகையிலும் சில்லறை வேலை பார்த்தவர். இரண்டு வாரத்தில் எழுதியது. பொறுப்பில்லாத தாய், கறுப்பின மாலுமி ஒருவனை நம்பிக் கர்ப்பமான மகள், அவளுக்கு ஒத்தாசையாக நிற்கும் ஒரு நண்பன். வேறு எந்தக் கம்பெனியாக இருந்தாலும் முதல் பக்கத்தோடு குப்பையில் போட்டிருப்பார்கள். ஜோன் அதைச் செப்பனிட்டு மே மாதமே மேடையேற்றினார். 'எ டேஸ்ட் ஆஃப் ஹனி' என்ற அந்த நாடகம் பிறகு சினிமாவும் ஆகி உலகமெல்லாம் ஓடியது.

அதற்குப் பிறகு அடுத்தடுத்து வெற்றி. இங்கேதான் கதை கசக்கிறது. மானியம் போதாது, கடன் கழுத்தை நெரிக்கிறது. கடனை அடைக்க ஒரே வழி, நன்றாக ஓடும் நாடகத்தை லண்டனின் பணக்கார வெஸ்ட் எண்ட் கொட்டகைகளுக்குக் கொடுப்பது. கொடுத்தால் காசு வரும், நடிகர்கள் போய்விடுவார்கள். வருஷக்கணக்காகச் சேர்ந்து வேலை செய்து, ஒருவர் கண் அசைவு மற்றவருக்குப் புரியும்படி பழகிய குழு. அதை மாதத்துக்கு ஒரு கை என்று பிடுங்கினால் என்ன ஆகும்? புது ஆட்களை மறுபடி முதலிலிருந்து பழக்க வேண்டும். பழகினதும் அவர்களும் போவார்கள். போனவர்களைக் குறை சொல்ல மாட்டேன். வேஷ அறையில் படுத்து எத்தனை வருஷம் பட்டினி கிடப்பது? அவர்களுக்கும் பிள்ளை குட்டி உண்டு. சங்கத்தில் நாங்களும் இதே பாட்டைப் படுகிறோம். நன்றாகப் பேசத் தெரிந்த தோட்டத் தலைவர் ஒருவரை உருவாக்கி நிமிர்வதற்குள், பட்டணத்தில் ஃபேக்டரி வேலை கிடைத்துவிடுகிறது. போகாதே என்று எந்த வாயால் சொல்வது? 1961-இல் ஜோன் சலித்துப்போய் விலகிவிட்டார். மெக்கால் அன்றைக்குச் சொன்னது பலித்துவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் லண்டனுக்குப் போகாமல் இருந்திருந்தால் சேப்மனும் டிலானியும் நமக்குத் தெரிந்திருப்பார்களா என்றும் தோன்றுகிறது.

1963-இல் திரும்பி வந்து செய்ததுதான் அவருடைய ஆகப் பெரிய வேலை: 'ஓ வாட் எ லவ்லி வார்'. முதல் உலக யுத்தத்தைப் பற்றியது. அதன் விதை சார்லஸ் சில்டன் என்ற வானொலிக்காரர். அவருடைய தகப்பனார் 1918-இல் பிரான்சில் ஆராஸில் மாண்டவர். மகன் அப்பாவின் கல்லறையைத் தேடிப் போனால் கல்லறையே இல்லை. உடல் கிடைக்காதவர்களின் பெயர்களைச் சுவர் சுவராக வெட்டி வைத்திருந்தார்கள். அந்த அதிர்ச்சியில், சாதாரணச் சிப்பாய்கள் குழிக்குள் கிடந்தபடி கட்டிப் பாடிய பாட்டுகளைத் திரட்டி வானொலியில் கொடுத்தார். அந்தப் பாட்டுகளை எடுத்துக்கொண்டு குழு உட்கார்ந்தது. ஆளுக்கொரு புத்தகம் படித்து வந்து சொன்னார்கள். எல்லாருமாகச் சேர்ந்து கட்டினார்கள்.

ராணுவ உடுப்பே கூடாது என்றார் ஜோன். கடற்கரையில் வேடிக்கை காட்டும் கோமாளிகளின் வெள்ளை உடுப்பில், தலையில் ஒரு தொப்பியை மாற்றிப் போட்டுக்கொண்டு, ஜெனரலாகவும் சிப்பாயாகவும் மாறினார்கள். முன்னால் பாட்டும் கூத்தும். பின்னால், தலைக்கு மேலே, விளக்கெழுத்தில் சேதி ஓடும். எந்தச் சண்டையில் எத்தனை ஆயிரம் பேர் செத்தார்கள், பிடித்த நிலம் எவ்வளவு. சோம் என்ற இடத்தில் 1916 ஜூலை முதல் தேதி, ஒரே நாளில், பிரிட்டிஷ் தரப்பில் செத்தவர், காயம்பட்டவர், காணாமல் போனவர் 57,000 பேருக்கு மேல். கோமாளி பாடுகிறான், எண்ணிக்கை ஓடுகிறது. சிப்பாய்கள் ஆடு மாதிரிக் கத்திக்கொண்டே சாவை நோக்கி நடக்கும் காட்சி ஒன்று உண்டு. சிரித்துக்கொண்டிருந்த கொட்டகை அப்படியே அடங்கிப்போகுமாம். அப்பனையும் அண்ணனையும் அந்த யுத்தத்தில் பறிகொடுத்த கிழடுகள் ஸ்ட்ராட்ஃபோர்ட்டில் நிறைய இருந்தார்கள்.

அதுவும் வெஸ்ட் எண்ட் போனது, அமெரிக்கா போனது, 1969-இல் சினிமாவானது. அம்மையாருக்கு வேறு கனவு வந்துவிட்டது. கூலிக்காரன் வேலை முடிந்து வந்து பாட, படம் வரைய, எந்திரம் பழக, சும்மா உட்கார என்று ஒரு மாபெரும் மக்கள் மாளிகை. செட்ரிக் பிரைஸ் என்ற கட்டடக் கலைஞர் வரைபடம் போட்டுக் கொடுத்தார். நகராட்சிகளின் படியேறி ஓய்ந்ததுதான் மிச்சம்; ஒரு கல்லும் வைக்கவில்லை. கொட்டகையைச் சுற்றி ஸ்ட்ராட்ஃபோர்ட்டையே இடித்து வணிக வளாகம் கட்டினார்கள். இடித்துப் போட்ட மண்மேட்டில் தெருப் பிள்ளைகளைக் கூட்டி விளையாட்டும் நாடகமும் நடத்தினார் ஜோன். கொட்டகையும் இடிபட வேண்டியது. ராஃபிள்ஸ் விடாமல் போராடிக் காப்பாற்றினார். அவர் 1975-இல் பிரான்சில் வியென் என்ற ஊரில் திடீரென்று இறந்தார். அதற்குப் பிறகு அம்மையார் நாடகம் இயக்கவே இல்லை. அவர் இறந்த அந்த ஊரிலேயே தங்கிவிட்டார். 1994-இல் தன் கதையைத் தடித்த புத்தகமாக எழுதினார். நான் அகராதி வைத்துப் படித்தது அதைத்தான். 2002 செப்டம்பரில் தம் 87-வது வயதில் காலமானார்.

கொட்டகை இன்னும் நிற்கிறது, நாடகமும் நடக்கிறது. முன்னால் உள்ள சதுக்கத்துக்கு ஜெரி ராஃபிள்ஸ் பெயர். அங்கே 2015-இல் ஜோனுக்குச் சிலை வைத்தார்கள்.

அந்தத் தோட்டத்து அம்மாவிடம் போன ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் போனேன். சேப்மன் கதையைச் சொன்னேன். மேடையில் நிஜமாகவே சுவர் கட்டினார்களா என்று இரண்டு தரம் கேட்டார். "அந்தக் கிராணி கதையைக் கைப்பேசியில பதிஞ்சுக்கிறேம்மா" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"இப்ப வேணாம் தம்பி. பக்கத்து வீட்டு ராக்கம்மா மகன் வீட்டுக்குப் போயிருக்கா, புதன்கிழமை வந்துருவா. அந்த மொணமொணக்கிற கிழவன் அவ மாமனாருதான். அவ செஞ்சா என்னைவிட நல்லாருக்கும்" என்றார்.

புதன்கிழமை போகிறேன்.